இராமாநுஜரும் மிகுபகு எண்களும்

கணித மேதை சீனிவாச இராமாநுஜர் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்தார். தந்தையார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையிற் கணக்கெழுதி வந்தவர். கணிதத்தில் ஆழ்ந்து ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால், இராமாநுஜர் கும்பகோணம் கல்லூரியில் உதவிச் சம்பளத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எப். ஏ. பரீட்சையில் தேறினாரில்லை. பட்டமின்றி வேலை தேடியலைந்து, 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்திற் குமாஸ்தாவாக அமர்ந்தார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் முடிபுகளை எழுதியனுப்பினார். அதன் பயனாக 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

அங்கு 1915இல் அவர் வெளியிட்ட பெருங்கட்டுரை மிகுபகு எண்களைப் பற்றியது. அவை யாவை எனின், 12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். 12க்குக் குறைந்த எவ்வெண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை. இங்ஙனம் தன்னிற் சிறிய எண்கள் அனைத்தையும் வகுஎண்களின் தொகையில் வெல்லும் எண்ணே மிகுபகு எண்ணாம். இத்தகைய எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாகப் பிரித்தால், சிறிய பகா எண் வரும் தடவைகளினும் பெரிய பகா எண் மிகுந்து வாராது. இறுதிப் பகா எண் ஒரே தடவைதான் வரும். இதற்கு விலக்கு 4, 36 என்னும் இரண்டே எனவும் அவர் நிறுவினார்.

நூற்றுக்கு மேற்பட்ட மிகுபகு எண்களை அவர் அட்டவணையாக்கினார். அதன் இறுதி எண் 67,46,32,83,88,800 ஆகும். அதில் 2 ஆறு தடவையும், 3 நான்கு தடவையும், 5, 7 இரண்டிரண்டு தடவையும், 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவையும் பெருக்கப்பட்டுள்ளன. அத்தடவைகளோடு ஒவ்வொன்று கூட்டி, 7, 5, 3, 3 என்பவற்றையும் ஐந்து இரண்டுகளையும் பெருக்க, 10,080 வகுஎண்கள் என்பது விளங்கும்.

கணக்கிடும் பொறியின்றிச் செய்த அவ்வட்டவணையில் ஓரெண் விடுபட்டது. 2,93,31,86,25,600 என்பதே அது, வகுஎண்கள் 5,040. அதனை 23ஆற் பெருக்கின் அட்டவணையின் இறுதி எண்ணே கிடைப்பது வியப்பாம். சோர்வு அட்டவணையில் நேர்ந்ததேயன்றி விதியில் நேரவில்லை; விடுபட்ட எண்ணும் அவர் கண்ட விதிக்கு அடங்கியே நிற்கின்றது.

பரீட்சையிற் பெறாத பட்டத்தை இக்கட்டுரை ஈந்தது. 1916இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை அவருக்கு ஆராய்ச்சியின் பொருட்டு பி. ஏ. பட்டம் அளித்தது. 1918இல் ராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். நோயுற்று 1919இல் தாய்நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில், தம் 32ஆம் வயதில் உயிர்நீத்தார். அச்சிட்ட சங்கத்தின் பொருள் முடையால் அக்கட்டுரையில் அன்று விடப்பட்ட பகுதி, 1997இல்தான் குறிப்புரையுடன் வெளிவந்தது.

மாணவ நண்பர்களே, தேர்வில் தவறியவர் யாவரும் இராமாநுஜராகார். ஆயினும், பிறர் மதிப்பை எதிர்நோக்காது தாம் விரும்பிய உண்மையை இறுதிவரை தேடும் உறுதி நம் எல்லார்க்கும் உரியதன்றோ?