அரசனுக்கு அஞ்சாத மந்திரி

சென்னைக்குத் தென்மேற்கே, செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகில் இருப்பது குன்றத்தூர். குன்றின் மேல் முருகப் பெருமான் கோயில் கொண்டிருக்கிறார். குன்றைச் சுற்றி ஊர் படர்ந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள் இன்று இந்த வட்டாரத்தில் இரவு பகலாக ஓடுகின்றன.

அந்த பஸ்களில் போகிறவர்களைக் கேட்டால் தெரியும், அச்சம் என்பது புலியையும் பேயையும் கண்டு வருவது மட்டும் அல்ல என்று. இயந்திரத்தில் ஒரு கோளாறு தென்படுகிறது; மேலதிகாரியிடம் சொல்லலாமா, வேண்டாமா? பிடிக்காத வேலையை விடலாமா, வேண்டாமா? மகள் விரும்பும் படிப்புக்கு உறவினர் குறுக்கே நிற்கிறார்கள். எதிர்த்துப் பேசலாமா, வேண்டாமா? இப்படி அன்றாடம் ஆயிரம் அச்சங்கள். பெரும்பாலோர் வாய் திறவாமல் இருந்துவிட்டு, பிறகு பல நாள் மனம் புழுங்குகிறார்கள்.

இதே குன்றத்தூரில் பிறந்த ஒருவர், ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்னால், வாய் திறந்து சொன்னார். சோழ சக்கரவர்த்தியின் முகத்துக்கு நேரே சொன்னார். அவர்தாம் பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பெருமான்.

மூன்று கேள்விகள்

தொண்டை நாட்டை அந்நாளில் 24 கோட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். அவற்றில் ஒன்றான புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது குன்றத்தூர். அங்கே வேளாளர் மரபில், சேக்கிழார் குடியில் பிறந்தவர் அருண்மொழித் தேவர். சேக்கிழார் என்பது குடிப்பெயர். அதுவே பிற்காலத்தில் அவருக்கு உரிய பெயராக நிலைத்துவிட்டது. அவருக்குப் பாலறாவாயர் என்று ஒரு தம்பி உண்டு.

அருண்மொழித் தேவரின் இளம் பருவத்தைப் பற்றி மக்கள் வழிவழியாகச் சொல்லி வரும் கதை ஒன்று இருக்கிறது. சோழ மன்னன் ஒரு நாள் மூன்று கேள்விகளைக் கேட்டனுப்பினானாம். உலகை விடப் பெரியது எது? கடலை விடப் பெரியது எது? மலையை விடப் பெரியது எது? விடை சொல்லும் பொறுப்பு அருண்மொழியின் தந்தையார் தலையில் விழுந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. விடை தவறினால் அரசனுடைய கோபத்துக்கு ஆளாக வேண்டுமே என்ற கவலை அவரை வாட்டியது.

மகன் காரணத்தைக் கேட்டறிந்தான். ஓலையை வாங்கினான். திருக்குறளில் விடைகள் இருக்கக் கண்டு எழுதிக் கொடுத்தான். தக்க காலத்தில் செய்த உதவி உலகை விடப் பெரியது. பயனை எதிர்பாராமல் செய்த உதவி கடலை விடப் பெரியது. தன் நிலையில் பிறழாமல் அடங்கி நிற்பவனுடைய தோற்றம் மலையை விடப் பெரியது. விடைகளைக் கண்டு வியந்த அரசன் அந்த இளைஞனை அழைத்துத் தன் மந்திரியாக்கிக்கொண்டான் என்று கதை முடிகிறது.

கதையை ஊன்றிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். தந்தையும் குறள் அறியாதவர் அல்லர். ஆனால் அவர் கேட்டவனையே நினைத்துக்கொண்டிருந்தார். அவனுடைய முடியும் வாளும் அவர் கண்முன் நின்றன. மகன் கேள்வியைப் பார்த்தான். கேள்விக்கு விடை கையெட்டும் தூரத்தில் இருந்தது. அச்சம் வரும்போது நம்மில் பலர் செய்யும் தவறு இதுதான். எதிரே நிற்பவர் எவ்வளவு பெரியவர் என்று அளந்துகொண்டே இருப்போம். எடுத்துக்கொண்ட விஷயத்தைப் பார்க்க மறந்துவிடுவோம்.

அரண்மனையில் ஒரு சங்கடம்

அருண்மொழித் தேவர் சோழ நாட்டின் முதன் மந்திரியாக உயர்ந்தார். உத்தம சோழப் பல்லவன் என்ற பட்டமும் பெற்றார். அவர் பணியாற்றிய மன்னன் அநபாயன். கி.பி. 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கனே இந்த அநபாயன் என்பது சரித்திர ஆசிரியர்களின் துணிபு. சோழப் பேரரசு செல்வாக்கோடு இருந்த காலம் அது. அத்தகைய அரசனுக்கு அருகில் இருப்பது பெருமைதான், ஆபத்தும்தான்.

அந்த அரசனுக்குச் சீவக சிந்தாமணியில் அளவற்ற மோகம் உண்டாயிற்று. திருத்தக்க தேவர் என்ற சமண முனிவர் இயற்றிய காவியம் அது. அதன் கவிச்சுவைக்குக் குறைவில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ல் அதை அச்சிட்டது முதல் தமிழ் கற்றோர் எல்லாரும், சமய வேறுபாடு இன்றி, போற்றி வரும் நூல் அது. ஆனால் சிவபக்தரான சேக்கிழாருக்கு, சோழர் குலத்து அரசன் காதற் கதையின் சுவையிலேயே மூழ்கிக் கிடப்பது பொருந்தவில்லை. அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி என்பதை அவர் அறிந்தவர்.

இந்த இடத்தில் வேறு ஒரு மந்திரி என்ன செய்திருப்பார்? அரசனுடைய ரசனையைப் புகழ்ந்திருப்பார். அல்லது நமக்கென்ன என்று ஒதுங்கியிருப்பார். வாளால் வரும் பகையை எதிர்த்து நிற்பது ஒரு வகையில் எளிது. சோறு போடும் கையின் விருப்பத்துக்கு மாறாகப் பேசுவது கடினம். உத்தியோகம் போகலாம், நட்பு போகலாம், தம்பியின் எதிர்காலமும் போகலாம்.

சேக்கிழார் பேசினார். அந்த நூல் இம்மைக்கும் மறுமைக்கும் உறுதி தராது என்று மன்னனிடமே எடுத்துரைத்தார். இச்செய்தியை, 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் எழுதியதாகப் போற்றப்படும் சேக்கிழார் புராணம் கூறுகிறது.

குறை சொன்னவர் பொறுப்பு

அரசன் சீறி விழவில்லை. ஆனால் சும்மாவும் விடவில்லை. அப்படியானால் உறுதி தரும் கதை எது என்று திருப்பிக் கேட்டான். நியாயமான கேள்வி. குறை சொல்லும் தைரியம் பலருக்கு உண்டு. அதைவிட நல்லது எது என்று கேட்டால் அவர்களில் பாதிப் பேர் விழிப்பார்கள்.

சேக்கிழார் விழிக்கவில்லை. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் சிவனடியார்களின் பெயர்களைப் பாடி வைத்ததையும், நம்பியாண்டார் நம்பி அதை அந்தாதியாக விரித்ததையும் எடுத்துச் சொன்னார். அடியார்களின் வரலாறுகளை ஒவ்வொன்றாக விளக்கினார். கேட்டுக் கேட்டு மன்னன் உள்ளம் உருகினான். இவற்றை ஒரு காவியமாகப் பாடித் தரவேண்டும் என்று சேக்கிழாரையே வேண்டிக்கொண்டான்.

இப்போது வேறொரு சோதனை. நாட்டு நிர்வாகத்தில் பழகிய கைக்கு எழுத்தாணியைக் கொடுத்து, பெருங்காவியம் பாடு என்றால் என்ன செய்வது? திருத்தக்க தேவரின் கவியோடு மக்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்களே! சரியாக வராவிட்டால், குறை சொன்ன வாய் என்று ஊர் சிரிக்குமே! ஆயினும் சேக்கிழார் பின்வாங்கவில்லை. மந்திரி பதவியின் ஆடம்பரங்களை விட்டுச் சிதம்பரத்துக்குப் புறப்பட்டார்.

பெரிய வேலையைத் தொடங்கும்போது எவருக்கும் கலக்கம் வரும். அதைத் தீர்த்துக்கொள்ள அவர் கூத்தப் பெருமானின் சந்நிதியில் போய் நின்றார். முதல் அடியை எடுத்துத் தரும்படி வேண்டினார். உலகம் முழுவதையும் குறிக்கும் ஒரு சொல் அசரீரியாகக் கேட்டது என்பது சைவர்களின் நம்பிக்கை. அச்சொல்லையே முதலாக வைத்து ஆயிரக்கால் மண்டபத்தில் அமர்ந்து பாடத் தொடங்கினார். ஒரு சொல் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைப் பாடி முடித்தார். முழுப் பாதையும் தெரிந்தால்தான் நடப்பேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

அஞ்சாதவர்களின் வரலாறு

அவர் பாடிய நூல் எதைப் பற்றியது? தனி அடியார் 63 பேர், தொகையடியார் ஒன்பது கூட்டத்தார். இவர்களில் அரசர்களும் அந்தணர்களும் உண்டு. குயவர், வண்ணார், வேடர், பரதவர், வணிகர், நெசவாளரும் உண்டு. அன்றாட வேலை செய்து பிழைத்த மனிதர்கள், தங்கள் வாழ்வில் ஒரு நெருக்கடி வந்தபோது எப்படி முடிவு செய்தார்கள் என்பதே அந்தக் கதைகளின் உயிர்.

நாகப்பட்டினத்து அதிபத்தர் மீன் பிடிக்கும் தொழிலர். வலையில் சிக்கும் மீன்களில் ஒன்றைச் சிவபெருமானுக்கு என்று கடலில் விடுவது அவர் வழக்கம். ஒரு காலம் வந்தது. நாள்தோறும் ஒரே ஒரு மீன்தான் சிக்கியது. அதையும் விட்டார். வீட்டில் வறுமை; சுற்றத்தார் பட்டினி. கடைசியில் சிக்கியதோ பொன்னும் மணியுமாக ஒளிவிட்ட மீன். அன்றும் அது ஒன்றுதான். அதையும் கடலில் விட்டார். நாளைக்கு என்ன செய்வது என்ற அச்சத்தை வென்றவருக்கு அதிபத்தரை விட வேறு உதாரணம் வேண்டுமா?

திருநாவுக்கரசர் கதையைப் பாருங்கள். பல்லவ மன்னன் அழைத்து வரச்சொல்லித் தன் மந்திரிகளை அனுப்புகிறான். நாவுக்கரசர் அரசன் ஆணைக்கு அடங்க மறுக்கிறார். பிறகு ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் அடைக்கிறார்கள், நஞ்சு கொடுக்கிறார்கள், யானையை ஏவுகிறார்கள், கல்லோடு கட்டிக் கடலில் எறிகிறார்கள். அவர் கலங்கவில்லை.

நூலின் தொடக்கத்தில் வரும் மனுநீதிச் சோழன் கதையோ இன்னும் கூர்மையானது. இளவரசன் தேரில் சிக்கிப் பசுங்கன்று மாண்டது. பிராயச்சித்தம் செய்தால் போதும் என்று மந்திரிகள் யோசனை சொன்னார்கள். அரசன் ஒப்பவில்லை. தன் மகன் மேல் தேரை ஓட்டும்படி ஒரு மந்திரிக்கு ஆணையிட்டான். அந்த மந்திரி ஆணையை நிறைவேற்றவும் மாட்டாமல், மறுக்கவும் மாட்டாமல் தன் உயிரை விட்டார். பிறகு அரசன் தானே தேரைச் செலுத்தினான்.

இவற்றை எழுதியவர் தாமே ஒரு மந்திரி என்பதை நினைவில் வையுங்கள். அரசனுக்கு நயமாக யோசனை சொல்லும் மந்திரிகளையும், ஆணைக்கும் மனச்சாட்சிக்கும் நடுவே அகப்பட்டு மாண்ட மந்திரியையும் அவர் எழுதினார். அரசன் அழைத்தும் வர மறுத்த அடியாரை வானளாவப் புகழ்ந்தார். அத்தனையும் ஓர் அரசன் முன்னிலையில் அரங்கேற வேண்டிய நூலில்!

யானை மேல் ஊர்வலம்

காவியம் முடிந்த செய்தி கேட்டு அநபாயன் சிதம்பரம் வந்தான். ஒரு சித்திரைத் திருவாதிரையில் அரங்கேற்றம் தொடங்கியது. அடுத்த சித்திரைத் திருவாதிரையில்தான் நிறைவுற்றது. ஓர் ஆண்டு முழுவதும் சேக்கிழார் பொருள் விரித்துச் சொல்ல, மன்னனும் அடியார்களும் கேட்டார்கள். முடிவில் நூலையும் ஆசிரியரையும் யானை மேல் ஏற்றி, மன்னன் தானும் உடன் ஏறி, தன் கையாலேயே சாமரை வீசி வீதி வலம் வந்தான். யாருடைய கோபத்துக்கு அஞ்சியிருக்க வேண்டுமோ, அவனே சாமரை வீசினான்! நூல் பன்னிரண்டாம் திருமுறை ஆயிற்று. ஆசிரியருக்குத் தொண்டர்சீர் பரவுவார் என்ற பெயர் கிடைத்தது.

மந்திரி பதவி? சேக்கிழார் அதற்குத் திரும்பவில்லை. தில்லையிலேயே தங்கிவிட்டார். தம்பி பாலறாவாயர் தொண்டைமான் பட்டம் பெற்றுத் தொண்டை நாட்டைக் காத்தார். அண்ணன் உண்மை பேசியதால் தம்பியின் வாழ்வு கெடவில்லை.

அநபாயனுக்குப் பின் வந்த இரண்டாம் ராஜராஜன் தாராசுரத்தில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் வரலாறுகளைக் கல்லிலே சிற்றுருவங்களாக வடித்திருக்கிறார்கள். 2004-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமாக ஏற்ற கோயில் அது. நாயன்மார் பெருமை அரண்மனையிலிருந்து கோயில் சுவர் வரை பரவிய வேகத்துக்கு அதுவே சாட்சி.

குன்றத்தூரிலும் சேக்கிழார் நினைவு மங்கவில்லை. கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்தில் அவருக்கு ஈடுபாடு அதிகம். அதன் நினைவாகத் தம் சொந்த ஊரில் அவர் எடுத்த திருநாகேசுவரம் கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. அவருக்குச் சந்நிதியும் மணிமண்டபமும் இருக்கின்றன. வைகாசிப் பூசத்தில் குருபூஜை நடக்கிறது.

அங்கே போகிறவர்கள் கல்வியும் கவித்துவமும் வேண்டி நிற்பார்கள். கூடவே ஒன்று வேண்டிக்கொள்ளலாம். சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டியவரிடம், காலம் தவறாமல் சொல்லும் திடம் வேண்டும். சொன்ன பிறகு, அதற்கு நீயே வழி செய் என்று கேட்டால், சரி என்று ஏற்கும் மனமும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அச்சத்துக்கு இடமில்லை. ஒரு மந்திரி புலவரானதும் அப்படித்தான். தமிழுக்கு ஒரு பெருங்காவியம் கிடைத்ததும் அப்படித்தான்.