நட்டத்தில் முடிந்த ரேடியோ கிளப்



குமிழைத் திருகிவிட்டு, வால்வு சூடாகிப் பாட்டு வரும்வரை காத்திருந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த வால்வை 1904-இல் இங்கிலாந்தில் பிளெமிங் கண்டுபிடித்தார். 1906-இல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் அதனுள் ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். பின்னாளில் ரேடியோ பேசியது அதனால்தான்.

தமிழ்நாட்டில் ஒலிபரப்பைத் தொடங்கிவைத்தவர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. இங்கிலாந்தில் மின்பொறியியல் படித்தவர், உதிரிபாகங்களுடன் ஊர் திரும்பி, 40 வாட் ஒலிபரப்புக் கருவியைப் பூட்டினார். 1924 மே 16-இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் பிறந்தது. ஜூலை 31-இல் ஒலிபரப்பும் தொடங்கியது. பணம் போதாமல் 1927-இல் நின்றுபோனது.

வங்கியில் கணக்கெழுதிய எனக்கு இது நட்டக் கணக்கு. ஆனால் கிளப் தன் கருவியைச் சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்தது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்பியது. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி வந்தது. திருச்சி நிலையம் சொல்லித்தான் 1960-களில் நம் தஞ்சை விவசாயிகள் ஆடுதுறை 27 பயிரிட்டார்கள்; அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் விழுந்தது.

சங்கக் கூட்டத்தில் ஒரு செலவை வீண் என்று சொல்லுமுன், இந்தக் கணக்கையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.