காகிதச் சுருளில் பிறந்த ஸ்டெதாஸ்கோப்: யார் இந்த ரெனே லேனெக்?

வேப்பந்தட்டையில் ரெண்டு வாரமா இருமல் விடலைன்னு டாக்டரிடம் போனால், எடுத்ததும் எக்ஸ்ரே எழுத மாட்டார். மூச்சு இழுக்கும்போது நெஞ்சு இரண்டு பக்கமும் சமமாக விரிகிறதா என்று பார்ப்பார். கை வைத்துப் பார்ப்பார், விரலால் தட்டுவார். அப்புறம்தான் ஸ்டெதாஸ்கோப். அதைத் தந்தவர் பிரான்ஸ் டாக்டர் ரெனே லேனெக்.

1781-ல் பிறந்தவர். சின்ன வயசிலேயே அம்மா இறந்துவிட, நாந்த் நகரில் டாக்டராக இருந்த சித்தப்பாவிடம் வளர்ந்தார். பாரிஸில் அவருடைய ஆசிரியர் கோர்விசார். நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் முறையை ஆஸ்திரியாவின் ஆவென்ப்ரூகர் 1761-லேயே எழுதியிருந்தும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1808-ல் அதைப் பிரெஞ்சில் கொண்டுவந்தவர் இந்த கோர்விசார்தான். காலிக் குடமும் தண்ணிக் குடமும் தட்டினால் வேறு வேறு சத்தம் தருமில்லையா, அதே கணக்கு.

1816. நெக்கர் மருத்துவமனையில் லேனெக்கிடம் இதயக் கோளாறோடு ஓர் இளம்பெண் வந்தார். பருமனான உடம்பு, தட்டியும் ஒன்றும் பிடிபடவில்லை. நெஞ்சில் நேரடியாகக் காது வைப்பதும் முறையாகத் தெரியவில்லை. காகிதத்தை இறுக்கமாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். காது வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது! பிறகு அதையே மரத்தில் செய்துகொண்டார், சுமார் ஓர் அடி நீளக் குழாய்.

கருவியைவிடப் பெரிய வேலை அடுத்து நடந்தது. நோயாளியிடம் கேட்ட சத்தத்தை எழுதி வைப்பார். அவர் இறந்துவிட்டால், பிரேதப் பரிசோதனையில் நுரையீரலைத் திறந்து ஒப்பிடுவார். பேச்சு ஆடு கத்துவதுபோலக் கேட்டால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். நெஞ்சுக்குள்ளிருந்தே பேசுவதுபோலக் கேட்டால் காசநோய் அரித்த குழி இருக்கலாம். இதையெல்லாம் 1819-ல் புத்தகமாக்கினார். அதுவரை உடலைத் திறந்த பிறகே தெரிந்தது, இப்போது உயிரோடு இருப்பவரிடமே தெரிந்தது. ஆனால் மருந்து? காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் அடையாளம் காட்டியதே 1882-ல்தான்.

1826-ல் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பை முடித்தபோது லேனெக்குக்கே இருமலும் காய்ச்சலும். உடம்பு இளைத்துவிட்டது. டாக்டரான உறவினர் மெரியாடெக்கிடம் தன் நெஞ்சில் குழாயை வைத்து, கேட்பதைச் சொல்லச் சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொரு சத்தமும் லேனெக் பல நோயாளிகளிடம் கேட்டு எழுதியதுதான். காசநோய். அந்த ஆகஸ்ட் 13-ல் இறந்தார், வயது 45. தன் ஸ்டெதாஸ்கோப்பை மெரியாடெக்குக்கே உயில் எழுதி வைத்திருந்தார்.