பாட்டுக்காரர் எடுத்த பாட்டே இல்லாத படம்! - மயிலாப்பூர் வீணை பாலசந்தர் கதை

சென்னை மயிலாப்பூர்க்காரர் ஒருத்தர். உடம்பு முழுக்க சங்கீதம். அவர் டைரக்ட் செய்த படத்தில் ஒரு பாட்டு கூட கிடையாது. நம்ப முடியுதா?

அவர்தான் வீணை எஸ்.பாலசந்தர். படம் "அந்த நாள்". தமிழில் பாட்டு, டான்ஸ், சண்டை எதுவுமே இல்லாமல் வந்த முதல் படம் இதுதான்.

குடும்பமே நடித்த படம்

1927-ம் ஆண்டு ஜனவரி 18-ந்தேதி பிறந்தவர் பாலசந்தர். அப்பா சுந்தரம் அய்யர் இசைப் பிரியர். 1934-ல் வந்த "சீதா கல்யாணம்" படத்தில் இந்த குடும்பமே நடித்தது. அப்பா ஜனகர், அண்ணன் ராஜம் ராமர், அக்கா ஜெயலட்சுமி சீதை.

பொடிப்பையன் பாலசந்தர் சும்மா இருப்பாரா? ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கிற பையனாக அவரும் தலை காட்டினார்.

அதுக்கு அப்புறம் சிதார், வீணை என்று கையில் கிடைத்த வாத்தியத்தை எல்லாம் ஒரு கை பார்த்தார். வீணைக்கு குருவே கிடையாது. தானாகவே கற்றுக்கொண்டார்.

சினிமாவையும் விடவில்லை. 1948-ல் "இது நிஜமா" படத்தில் இரட்டை வேடம், இசையும் அவரே. 1951-ல் "கைதி" படத்தில் டைரக்ஷன், நடிப்பு, இசை மூன்றும் அவர்தான்.

புத்தியை மாற்றிய ஜப்பான் படம்

1952-ல் இந்தியாவின் முதல் சர்வதேச படவிழா நடந்தது. அங்கே அகிரா குரோசவாவின் "ராஷோமான்" படத்தைப் பார்த்தார் பாலசந்தர். ஒரே சாவு. ஆனால் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். இந்த உத்தி அவரைப் பிடித்து ஆட்டியது.

அதே பாணியில் ஒரு நாடகம் எழுதி ரேடியோவுக்குக் கொடுத்தார். அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மனுஷன் சோர்ந்து போகவில்லை. நேராக ஏ.வி.எம். மெய்யப்ப செட்டியாரிடம் போனார். செட்டியார் சம்மதித்தார். ஜாவர் சீதாராமன் திரைக்கதை, வசனம் எழுதினார்.

என்ன கதை?

இரண்டாம் உலகப்போர் சமயம். 1943-ம் வருஷம். ஜப்பான்காரன் குண்டு போடுவானோ என்று சென்னையே நடுங்கிக்கொண்டு இருக்கிறது. படம் ஆரம்பித்ததுமே துப்பாக்கி வெடிக்கிறது. ரேடியோ என்ஜினீயர் ராஜன் செத்துக் கிடக்கிறார்.

சுட்டது யார்? பக்கத்து வீட்டுக்காரரா? தம்பியா? தம்பி பெண்டாட்டியா? கள்ளக்காதலியா? காதலித்து கைப்பிடித்த மனைவியா? சி.ஐ.டி. அதிகாரி ஒவ்வொருத்தராக விசாரிக்கிறார். ஒவ்வொருத்தர் வாயிலும் ராஜன் வேற வேற ஆளாகத் தெரிகிறார்.

காதல் பெரிசா, நாடு பெரிசா என்ற கேள்வியில்தான் முடிச்சு அவிழும். இன்னும் படம் பார்க்காதவர்களுக்காக முடிவை இங்கே சொல்லவில்லை.

மூன்று ஹீரோ மாறினார்கள்

ராஜன் வேடத்துக்கு முதலில் வந்தவர் எஸ்.வி.சகஸ்ரநாமம். வயசு கூடுதலாகத் தெரியுது என்று அவரை மாற்றினார்கள். அடுத்து கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த என்.விஸ்வநாதன். பிறகு 1962-ல் சத்யஜித் ரேயின் "காஞ்சன்ஜங்கா" படத்தில் நடித்தாரே, அதே விஸ்வநாதன்தான்.

அவரை வைத்து கணிசமான பகுதி எடுத்தாகிவிட்டது. போட்டுப் பார்த்த செட்டியாருக்கு திருப்தி இல்லை. சிவாஜி கணேசனைப் போடலாம் என்றார். பாலசந்தர் ஒத்துக்கொள்ளவில்லை. எடுத்ததை எல்லாம் திரும்ப எடுக்கணுமே!

இஷ்டம் இல்லை என்றால் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்கிற அளவுக்கு பேச்சு முற்றியது. கடைசியில் பாலசந்தர் இறங்கி வந்தார். செட்டியார் போட்டது சரியான கணக்கு. இன்றைக்கு அந்த ராஜனாக வேற ஒருத்தரை நினைத்துப் பார்க்க முடியுமா?

சிவாஜியின் துணிச்சலையும் சொல்லணும். "பராசக்தி"யில் ஒரே நாளில் ஸ்டார் ஆனவர். அதே 1954-ல் "மனோகரா"வில் வசனத்தால் தியேட்டரை அதிர வைத்தவர். அவர் இங்கே முதல் காட்சியிலேயே பிணம். பிளாஷ்பேக்கில் வந்தாலும் நல்லவன் வேஷம் இல்லை. ஒத்துக்கொண்டு நடித்தார். மனைவி உஷாவாக பண்டரிபாய் நடித்தார். சி.ஐ.டி.யாக வந்தவர் ஜாவர் சீதாராமன்.

பாட்டு எங்கே?

ஒரு படத்துக்கு பத்து பாட்டாவது வேணும் என்று ஜனங்கள் எதிர்பார்த்த காலம் அது. ஆனால் விசாரணை சூடு பிடிக்கும்போது நடுவில் டூயட் வந்தால் கொலையை மறந்துவிடுவார்கள். பாட்டு தெரிந்த மனுஷன்தான் பாட்டை எடுத்துப்போட்டார். பின்னணி இசை மட்டும் இருந்தது.

1954 ஏப்ரல் 13-ந்தேதி, தமிழ்ப் புத்தாண்டு சமயத்தில் படம் ரிலீஸ். பத்திரிகைகள் பாராட்டின. பாட்டைத் தேடி வந்த ஜனங்கள் முணுமுணுத்தார்கள். முதல் ரவுண்டில் படம் ஓடவில்லை. பிறகு தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. மறுபடி திரையிட்டபோது கூட்டம் வந்தது.

வீணைக்குத் திரும்பினார்

அடி விழுந்தும் திரில்லரை விடவில்லை பாலசந்தர். 1964-ல் "பொம்மை" எடுத்தார். பொம்மைக்குள் வெடிகுண்டு என்பதுதான் கதை. கே.ஜே.யேசுதாசை தமிழ் சினிமாவில் பாட வைத்ததும் அந்தப் படம்தான். கடைசியில், திரைக்குப் பின்னால் உழைத்தவர்களை எல்லாம் கேமரா முன்னாடி நிறுத்தி அறிமுகம் செய்தார். அந்தக் காலத்தில் யாருக்கு அந்த மனசு வரும்?

1970-ல் வந்த "நடு இரவில்" படத்தோடு டைரக்ஷனுக்கு முழுக்கு. மிச்ச காலம் முழுக்க வீணைதான். 1982-ல் பத்மபூஷண் தேடி வந்தது.

1990-ல் பிலாய் நகருக்குப் போயிருந்தார் பாலசந்தர். அங்கேயே உயிர் பிரிந்தது. வயசு 63.

அன்றைக்குத் தேதி ஏப்ரல் 13. "அந்த நாள்" ரிலீசாகி சரியாக 36 வருஷம் ஆன நாள் அது.