கணக்கை அவரவரே ஒப்புவிக்க வேண்டும்
'கிறிஸ்தவக் கம்பர்' கிருஷ்ண பிள்ளை வாழ்க்கை

ஸ்ரீவராகம் (திருவனந்தபுரம்): இப்பகுதித் தமிழர்கள் கிழக்கே கோட்டையில் பஸ் ஏறிப் பாளையத்துக்கு வேலைக்குப் போகும்போது, வழியில் பல்கலைக்கழகக் கல்லூரியைக் கடந்து செல்கிறார்கள். மகாராஜா கல்லூரி என்று அது வழங்கிய நாளில், 'மனோன்மணீயம்' சுந்தரம் பிள்ளை அங்கே தத்துவம் போதித்தார். தமிழ் போதித்தவர்களுள் ஒருவர் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை.

திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில், வைணவ வேளாளர் குடும்பத்தில் 1827-ம் ஆண்டு அவர் பிறந்தார். கம்பராமாயணம் வீட்டுச் சொத்துப் போல அவருக்கு வாய்த்தது. 1853-ல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழ்ப் பண்டிதர் வேலை கிடைத்தது. பிழைப்புக்காகப் போனாரே தவிர, மதம் மாறும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை.

அங்கே அவர் கேட்ட போதனைகளுள் ஒன்று நியாயத்தீர்ப்பு. சித்திரகுப்தன் கணக்கு நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கிறிஸ்தவ போதனை அதற்கு மேலும் ஒன்று சொல்கிறது. நல்ல செயலை வரவு வைத்துப் பாவத்தைக் கழித்துவிட முடியாது. பாவக் கடனைத் தீர்த்தவர் கிறிஸ்து. எனினும் அந்த மன்னிப்பை ஒவ்வொருவரும் தாமே நாடிப் பெற வேண்டும். குலமோ, உறவோ, குருவோ ஒருவருக்குப் பதிலாக நின்று கணக்கு ஒப்புவிக்க முடியாது.

அந்நாளில் திருநெல்வேலியில் பல இடங்களில் மக்கள் ஊர் ஊராகச் சேர்ந்து கிறிஸ்தவர்களானார்கள். கிருஷ்ண பிள்ளைக்கோ அந்தக் கூட்டத் துணை இல்லை. சொந்தபந்தத்தைப் பகைத்துக்கொள்ள நேரும் என்று தெரிந்தும், 1858-ல் சென்னைக்குச் சென்று மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர் அப்போது சேர்ந்ததுதான். மனைவி மக்கள் பிற்பாடே அவரைப் பின்பற்றினார்கள்.

அவருடைய காவியத்துக்கு மூலம் ஆங்கிலேயர் ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட கதை. பனியன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பிழைத்தவர். அரசின் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். அவர் கதையில், அழிவுக்குக் குறிக்கப்பட்ட ஊரில் ஒருவன் முதுகுச் சுமையோடு தவிக்கிறான். வரப்போகும் தீர்ப்பைச் சொன்னால் வீட்டார் அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்கிறார்கள். அவன் காதைப் பொத்திக்கொண்டு தனியே ஓடுகிறான். சிலுவையடியில் சுமை தானே கழன்று விழுகிறது.

தனியே புறப்பட்டவனின் இந்தக் கதையைத் தனியே புறப்பட்ட கிருஷ்ண பிள்ளை எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. பல ஆண்டு உழைத்து, கம்பன் நடையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களாகப் பாடி, 1894-ல் நூலாக்கினார். மதம் மாறியவர் தமிழை விட்டுவிடவில்லை. கற்ற கம்பனையும் தேவார இசையையும் அந்த நூலில் கொண்டுவந்து சேர்த்தார். 1900-ம் ஆண்டு காலமானார்.

பனியன் கதையின் முடிவில் அறியாமை என்றொரு பாத்திரம் வருகிறது. அவன் நேர்வழி வராமல் குறுக்குவழியே வந்தவன். படகோட்டி ஒருவன் துணையால் சிரமமில்லாமல் ஆற்றைக் கடந்து மோட்ச வாசலைத் தட்டுகிறான். காவலர் சான்றுச் சீட்டைக் கேட்கிறார்கள். மடியைத் தடவிப் பார்க்கிறான், சீட்டு இல்லை. பிறர் சீட்டில் பயணம் செல்லாது என்பது ரயில் ஏறி வந்த நம்மவர்க்குத் தெரியாததல்ல. வாசல் வரை வந்தவனை அங்கிருந்தே நரகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவன் செய்வதை இங்கே பார்ப்பார் இல்லை, கேட்பாரும் இல்லை. ஆனாலும் கேள்வி ஒன்று உண்டு, அதற்கு நானே பதில் சொல்ல வேண்டும் என்று எண்ணி நடப்பவன் எந்த மதத்தவனானாலும் கிருஷ்ண பிள்ளையின் யாத்திரிகனுக்கு உறவினன்தான்.