சொந்தக் கப்பல் ஆளின் தலையைப் பிளந்த துப்பாக்கி: யார் இந்த ஜான் பால் ஜோன்ஸ்?

18-ம் நூற்றாண்டுக் கடற்படை அதிகாரிகள் பலர் இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கிகள் வைத்திருப்பார்கள். பந்தாவுக்கு இல்ல. சக்கிமுக்கிக் கல் உரசி, தீப்பொறி பறந்தால்தான் அது வெடிக்கும். ஒருமுறை சுட்டால் அவ்வளவுதான். மறுபடி மருந்து கிட்டித்து, குண்டு போடுவதற்குள் எதிராளி கத்தியோடு பக்கத்தில் வந்து நிற்பான். கடல் தண்ணீர் தெறித்து மருந்து நனைந்தால் அந்த ஒரு குண்டும் போச்சு. அதனால் சுட்டு முடித்த துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, அதன் கட்டையால் மண்டையில் போடுவதும் கப்பல் சண்டையில் உண்டு.

அமெரிக்கக் கடற்படையின் தந்தை எனக் கொண்டாடப்படும் ஜான் பால் ஜோன்ஸ் துப்பாக்கியைத் தூக்கியே எறிந்தார். எதிரி மேல் அல்ல, சொந்தக் கப்பல் ஆள் மேல்.

1747-ல் ஸ்காட்லாந்தில் ஒரு தோட்டக்காரரின் மகனாகப் பிறந்தவர். அப்போது வெறும் ஜான் பால். 13 வயதில் கப்பலேறி, அடிமை வியாபாரக் கப்பல்களிலும் வேலை பார்த்து, 21 வயதிலேயே கேப்டன் ஆகிவிட்டார். திறமையில் குறையில்லை, கோபம்தான் பிரச்சினை. இவர் சாட்டையடி கொடுத்த ஒரு தச்சர் பிறகு இறந்துபோக, 1770-ல் கைதானார். சாவுக்குக் காரணம் காய்ச்சல் என்று சான்று கிடைத்ததால் தப்பினார். 1773-ல் டொபேகோ தீவில் சம்பளத் தகராறில் ஒரு மாலுமியை வாளால் குத்திக் கொன்றார். தற்காப்பு என்றார், ஆனால் விசாரணைக்கு நிற்காமல் அமெரிக்கா ஓடினார். ஜோன்ஸ் என்ற பெயர் அதன்பிறகு ஒட்டிக்கொண்டதுதான்.

தலைமறைவுக்காரருக்கு வாழ்வு கொடுத்தது அமெரிக்க விடுதலைப் போர். 1775-ல் லெப்டினன்ட். 1778-ல், தான் முதன்முதலில் கப்பலேறிய அதே வைட்ஹேவன் துறைமுகத்துக்குத் தீ வைக்கப் போனார். பெரிய சேதமில்லை, ஆனால் பிரிட்டன் பதறியது.

1779 செப்டம்பர் 23, இங்கிலாந்தின் ஃபிளம்பரோ ஹெட் கடலோரம். ஜோன்ஸின் 'போன்ஹோம் ரிச்சர்ட்' பழைய சரக்குக் கப்பல். எதிரே புத்தம்புது 'செராபிஸ்'. தொடக்கத்திலேயே ஜோன்ஸின் பழைய பீரங்கிகள் தன் ஆட்களையே கொன்று வெடித்தன. தூரத்தில் நின்றால் ஜெயிக்க முடியாது என்று எதிரிக் கப்பலோடு தன் கப்பலைப் பிணைத்துக் கட்டினார். மூன்று மணி நேரத்துக்கும் மேல் சண்டை. கப்பலுக்குள் தண்ணீர் ஏற, கேப்டன் செத்துட்டார் என்று நினைத்த பீரங்கித் தலைவர் சரணடைகிறோம் என்று கத்தினார். அந்த நேரத்தில்தான் துப்பாக்கி பறந்தது. மண்டை உடைந்து விழுந்தவர், சண்டை முடியும்வரை ஏணியடியிலேயே கிடந்தார் என்று கூட இருந்த அதிகாரி ஃபானிங் எழுதியிருக்கிறார்.

நியாயமா? செராபிஸுக்குள் வீசிய கையெறி குண்டு மருந்துப் பொதிகளைப் பற்றவைக்க, கடைசியில் சரணடைந்தது பிரிட்டன் கேப்டன்தான். ஜெயித்ததால் அது வீரம். தோற்றிருந்தால் மூன்றாவது வழக்கு. இரண்டே நாளில் போன்ஹோம் ரிச்சர்டும் மூழ்கிவிட்டது.

பிரெஞ்சு மன்னர் தங்கப்பிடி வாள் பரிசளித்தார். ஆனால் போர் முடிந்ததும் அமெரிக்காவுக்கு இவர் தேவைப்படவில்லை. ரஷ்யக் கடற்படையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1792-ல் பாரிஸில் 45 வயதில் தனிமையில் இறந்தார். 1905-ல்தான் அமெரிக்கத் தூதர் ஹோரஸ் போர்ட்டர் தோண்டித் தேடிக் கண்டுபிடித்தார். சாராயம் ஊற்றி மூடிய ஈயப்பெட்டியில் உடல் கெடாமலே இருந்தது. இப்போது அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் பளிங்குக் கல்லறை.