தேசிய விருது வாங்கியும் ஊர் பார்க்காத தமிழ்ப் படம்: யார் இந்த ஜான் ஆபிரகாம்?

இந்தப் பேரைத் தேடினா பாலிவுட் நடிகர்தான் முதல்ல வருவார். இவர் வேற. 1937ல் கேரளத்தில் பிறந்தவர். எல்ஐசி வேலையை விட்டுட்டு புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனார். அங்கே ரித்விக் கட்டக்கின் மாணவர். முடிச்சது நாலே படம். அதுல ஒண்ணு தமிழ்: 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977).

கதை இதுதான். தாயை இழந்த கழுதைக்குட்டியை ஒரு பேராசிரியர் எடுத்து வளர்க்கிறார். கல்லூரியில் கேலி செய்யவே, தன் ஊர் அக்ரஹாரத்தில் கொண்டுபோய் விடுகிறார். அங்கே எது நடந்தாலும் பழி கழுதை மேல. கடைசியில் கொன்றே விடுகிறார்கள். அப்புறம் அதிசயம் நடக்குதுன்னு அதையே கும்பிடுகிறார்கள்! திரைக்கதை விமர்சகர் வெங்கட் சாமிநாதன். இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசனே பேராசிரியராக நடித்தார்.

சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. ஆனால் பிராமணர்களை இழிவுபடுத்துவதாக எதிர்ப்பு. தமிழ்ப் பத்திரிகைகளும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பின்னாளில் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக இருந்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. படத்தின் கேலி சாதி மேல் மட்டுமல்ல, ஒரு உயிரைப் பலிகொடுத்துவிட்டு சாமியாக்கும் கூட்டத்தின் மேலும்தான். அதைப் பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

விநியோகஸ்தர், தியேட்டர் தயவு இல்லாமல் படம் மக்களிடம் போக முடியாதா? இதற்கு ஜான் கண்ட வழி விசித்திரமானது. 1984ல் நண்பர்களோடு 'ஒடேசா' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய் சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டு, மக்களிடமே காசு கேட்டார்கள். அரியலூர், பெரம்பலூர் பக்கம் கோயில் திருவிழாவுக்கு வீடு வீடாப் போய் வரி வசூல் பண்ணுவாங்களே, ஏறக்குறைய அப்படி. அமெரிக்காவில் ஜான் கசாவெட்டிஸ் 'ஷேடோஸ்' படத்துக்கு ரேடியோ நேயர்களிடம் பணம் கேட்டது உண்டு. ஆனா அவர் படம் வழக்கம்போல தியேட்டருக்குத்தான் போனது. ஜான் அந்தக் காசில் எடுத்த 'அம்ம அறியான்' (1986), டிக்கெட் இல்லாமலே கிராமங்களில் திரையிடப்பட்டது.

அடுத்த வருஷமே, மே 31 அன்று, கோழிக்கோட்டில் ஒரு கட்டட மாடியிலிருந்து விழுந்து இறந்தார். வயசு 49. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் தலைசிறந்த 10 இந்தியப் படங்கள் பட்டியலில் 'அம்ம அறியான்' பின்னர் இடம்பிடித்தது. தென்னிந்தியாவிலிருந்து அது ஒண்ணுதான்.